வேலைத் தரகும் அதன் வரலாறும்

தொழில் செய்ய வல்லானொருவனும் தொழிலாளியை வேண்டுவானொருவனும் வெவ்வேறிடத்து இருப்ப, இவ்விருவரையும் கூட்டுவிக்கும் மூன்றாமவனொருவன் தோன்றுதல் உலகியல்பு. அவனே தரகனெனப்படுவான். அவன் செய்யும் உதவிக்குக் கூலி பெறுதலும் குற்றமன்று. ஆயின், அக்கூலியை அளிப்பார் யாவர்? வேலை தருவாரோ, வேலை தேடுவாரோ? இவ்வொரு வினாவினுள்ளே நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் அடங்கிக் கிடக்கின்றது. அதனை நம் சங்கத்து அன்பர்கட்கும், சிறப்பாகத் தம் மக்களை வேலைக்கு அனுப்பக் கருதும் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களும், அவை நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களும் பெருகின. தோட்டத் துரைமார்க்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். திருச்சிராப்பள்ளி, தஞ்சை, மதுரை, சேலம் முதலிய ஜில்லாக்களிலோ வறுமையால் வாடியோர் பலர் இருந்தனர். இவ்விரு திறத்தாரையும் கூட்டுவித்தவன் கங்காணி. அவன் துரையினிடம் முன்பணம் பெற்றுத் தன் சொந்த ஊருக்கே ஆள் திரட்ட வருவான். ஊரார்க்கு அவன் அயலானல்லன். பலர்க்கு உறவினனாதலும் உண்டு. ஆகவே அவன் கையிலிருந்த முதல் பணம் மட்டுமன்று. ‘நம்மவன்’ என்னும் நம்பிக்கையே அவனுடைய பெருமுதலாம்.

முன்பணமும் வழிச்செலவும் ஆட்களின் பெயரிலே கடனாக எழுதப்பட்டன. அதனோடு, ஆட்கள் வேலைக்கு வந்த நாள்தோறும் தலைக்கு இவ்வளவு காசு என்று கங்காணி துரையினிடமும் பெற்றான். வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினார்க்குத் ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். இவ்வாட்களின் கடன் இத்துணை, அதனைச் செலுத்துவார்க்கு இவர்களை விடுவோம் என்பது அதன் கருத்து. புதிய துரை அத்தொகையைச் செலுத்துவார். கடனோ ஆட்களின் தலைமேலேயே நிற்கும். அவர்கள் இடம் மாறினரேயன்றிக் கடன் நீங்கினாரல்லர். கங்காணிமாருள் நல்லாரும் இருந்தனர். எனினும் முறையே பிழையுடையதாயிற்று. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மலாய் நாட்டிலே 1907ஆம் ஆண்டில் மற்றொரு வழி காணப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி ஒரு நிதி அமைத்து, அதனின்று தமிழ்த் தொழிலாளரின் கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. பிற துன்பங்கள் பல நின்றனவாயினும், வழிச்செலவுக் கடன் என்னும் தளை தளர்ந்தது. செலவை ஏற்பவர் மாறவே நிலையும் மாறியதன்றோ?

இவ்வுண்மையைப் பிற நாட்டாரும் உணர்ந்தனர். இங்கிலாந்திலே 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1910 பிப்ரவரி முதல் தேதியில் அரசாங்க வேலை நிலையங்கள் திறக்கப்பட்டன. 1919இல் சர்வதேசத் தொழில் மகாநாடு, கட்டணமில்லாப் பொது வேலை நிலையங்களை ஒவ்வொரு நாட்டிலும் நிறுவுதல் வேண்டுமென்று உடன்படிக்கை செய்தது. 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, தனியார் நிலையங்கள் இருக்கலாம், ஆயினும் தொழிலாளரிடம் கட்டணம் பெறலாகாது என்பதனைப் பொது விதியாக வகுத்தது. நம் நாட்டிலே, யுத்தத்தினின்று மீண்ட போர்வீரர்க்கு வேலை தேடித் தரும்பொருட்டு 1945இல் தொடங்கப்பெற்ற வேலைவாய்ப்பு அலுவலகங்கள், பின்னர் 1948இல் யாவர்க்கும் உரியவாயின. வெளிநாட்டு வேலைக்கு ஆள் திரட்டும் ஏஜெண்டுகள் அரசாங்கத்திற் பதிவு பெற்றாகவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

நிற்க. சில திங்களுக்கு முன்னர், என்னிடம் பயின்ற மாணவரொருவரின் தந்தையார் என்னைக் காண வந்தார். மகனுக்கு அரபு நாட்டில் வேலையென்று, மனைவியின் நகைகளை அடகு வைத்துத் தரகரொருவரிடம் பணம் கொடுத்தனராம். வேலையும் வரவில்லை, பணமும் மீளவில்லை. “ரசீது உண்டோ?” என்றேன். “நம்மவர்தாமே ஐயா! ரசீது கேட்டால் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன்” என்றார். அச்சொற் கேட்டபொழுது, நூறாண்டுக்கு முன் கங்காணியின் பின்னே கப்பலேறியவர்களே என் நினைவில் நின்றனர்.

ஆதலால் நம்மனோர் தரகரைக் காணுங்கால், அவர் எக்குலத்தினர், யார்க்கு உறவினர் என்று வினவி அமையாது, பதிவு பெற்றவரோ, எவரிடம் கூலி பெறுகின்றார், வேலை ஒப்பந்தத்தை எழுத்திற் காட்டுவரோ, பெற்ற பணத்திற்கு ரசீது தருவரோ என்று வினவுவாராக. ரசீது கேட்டல் உறவைப் பழித்தலாகாது. உறவு கெடாதபடி காத்தலேயாம். நம் சங்கத்தாரும், எழுத்து வாசனை மிக்க இளைஞர் இருவர் மூவரை நியமித்து, இத்தகைய கடிதங்களைப் படித்துப் பொருள் சொல்லவும், பதிவு உண்மையா என்று விசாரித்துத் தெரிவிக்கவும் ஏற்பாடு செய்வாராயின், பல குடும்பங்களின் நகை பெட்டியிலேயே இருக்கும். அதனினும் சிறந்த குலத்தொண்டு யாதுளது?