ஒளியூக்க ஒட்சியேற்றம்

நீரிற் கரைந்த சேதனச் சேர்வைகளை ஒளியின் சக்தியாலும் ஊக்கியொன்றின் துணையாலும் ஒட்சியேற்றி, இறுதியிற் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் சிதைக்கும் இரசாயன முறை. ஊக்கி செலவழியாதாகலானும், சூரியகிரணமும் காற்றிலுள்ள ஒட்சிசனுமே போதுமாகலானும், சுற்றாடலுக்குத் தீங்கு குறைந்த முறைகளுள் ஒன்றாக இஃது எண்ணப்படுகின்றது.

தத்துவம்: ஊக்கியாகப் பெரிதும் பயன்படுவது தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்ணிறத் தூள். ஏறத்தாழ 388 நனோமீற்றரிலும் குறைந்த அலைநீளமுடைய ஊதாக்கடந்த கதிர் அதன்மேற் படுங்கால், இலத்திரனொன்று கிளர்ந்தெழுந்து தன் இடத்தில் ஒரு துளையை விட்டுச்செல்ல, அத்துளை நீரைத் தாக்கி ஐதரொட்சில் மூலிகத்தைப் பிறப்பிக்கும். எண்ணெய், சாயம், பூச்சிநாசினி என்ற பேதமின்றி எதனையும் தாக்கவல்ல அம்மூலிகமே சேதனப் பொருள்களைப் படிப்படியாகச் சிதைப்பது. சூரியவொளியில் இதற்குதவும் பகுதி நூற்றுக்கு ஐந்தளவே.

வரலாறு: ஜப்பானிய விஞ்ஞானிகளாகிய அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹொண்டாவும், இவ்வூக்கியில் ஒளிபட நீர் பிரிகையடைதலை 1972 இல் வெளியிட்டனர். 1977 இல் பிராங்க், பார்ட் என்போர் நீரிலுள்ள சயனைட்டை இதனால் ஒட்சியேற்றிக் காட்டியபின், நீர்ச் சுத்திகரிப்பை நாடிய ஆராய்ச்சிகள் பெருகின.

யாழ்ப்பாணத் தீவுகள்: ஆறுகளற்ற நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை முதலிய இடங்களில், மாரிமழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. நுண்வெடிப்புகள் மலிந்த அக்கல் மாசினையும் எளிதில் உட்புகவிடும். குடாநாட்டின் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019 இல் தீர்ப்புப் பெற்றமை இதற்குச் சான்று. வெயிலுக்குக் குறைவில்லாத இப்பிரதேசத்தில் இம்முறைக்குத் தடையாவது நீரின் இயல்பே. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் கேத்திலின் அடியில் வெண்படலமாய்ப் படியும் சுண்ணத்துக்குக் காரணமான இருகாபனேற்று, ஐதரொட்சில் மூலிகத்தைத் தானே கவர்ந்து, வலிமை குன்றிய காபனேற்று மூலிகமாக மாற்றிவிடும். உவரின் குளோரைட்டும் அவ்வாறே இடையூறு செய்யும். ஆகவே ஆய்வுகூடத்தின் தூயநீரிற் கண்ட வேகத்தை இக்கிணற்று நீரில் எதிர்பார்த்தல் கூடாது. அமிலமிட்டோ மென்னீராக்கியோ இருகாபனேற்றை முன்னர்க் குறைத்தல் வேண்டும்.

எல்லைகள்: கலங்கிய நீரில் ஒளி ஆழச் செல்லாது, நுண்தூளாகிய ஊக்கியை மீளப் பிரித்தலும் எளிதன்று என்பதால், அதனைக் கண்ணாடியிற் படியவைத்துப் பயன்படுத்துவர். தெளிந்த நீரைப் பிளாத்திக்குப் போத்தலில் ஆறு மணிநேரம் வெயிலில் வைக்கும் வழக்கம் கிருமிகளை அழிப்பதேயன்றிச் சேதன மாசுகளை நீக்குவதன்று. உப்பையோ இவ்விரு முறைகளும் அகற்றமாட்டா. ஆதலின் தீவுகளில் இவை உவர்நீக்கத்துக்குத் துணையாகலாமன்றி அதற்கு ஈடாகா.