பின்னல் ஊசி அளவும் நூல் தடிமனும்

பின்னல் ஊசி அளவும் நூல் தடிமனும் ஒன்றுக்கொன்று பொருந்துவது பின்னலாடைத் தயாரிப்பின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகும். நெசவுத் துணி பாவும் ஊடையும் குறுக்கிடுவதால் உருவாகிறது. பின்னல் துணியோ ஒரு கண்ணியின் வழியாக அடுத்த கண்ணியை இழுத்துக் கோர்ப்பதால் உருவாகிறது. கைப்பின்னலில் கண்ணியின் அளவை முதன்மையாக ஊசியின் விட்டமும், அக்கண்ணியின் இடைவெளி எவ்வளவு நிரம்பும் என்பதை நூலின் தடிமனும் முடிவு செய்கின்றன. ஆகவே துணியின் அகலம், எடை, மென்மை, உருவம் மாறாத தன்மை ஆகிய அனைத்தும் இவ்விரண்டையும் சார்ந்துள்ளன. கையால் பின்னப்படும் கம்பளிச் சட்டைக்கும் திருப்பூரில் இயந்திரத்தில் பின்னப்படும் பனியன் துணிக்கும் இவ்விதி பொதுவானது.

பொருந்தாமையின் விளைவுகள்

தடித்த நூலை மெல்லிய ஊசியில் பின்னினால் கண்ணிகள் நெருங்கித் துணி விறைப்பாகும். அது உடலோடு வளைந்து கொடுக்காது; நூலும் கூடுதலாகச் செலவாகும். மெல்லிய நூலைத் தடித்த ஊசியில் பின்னினால் துணி சல்லடை போல் இடைவெளியுடன் அமையும். அணிந்து துவைக்கும்போது கண்ணிகள் இழுபட்டு ஆடை தொங்கிப் போகும். கம்பளி நூல் இழுத்து விட்டால் பெருமளவு பழைய நிலைக்குத் திரும்பும். பருத்தி நூலுக்கு அத்தகைய மீள்தன்மை குறைவு. எனவே தளர்வான பின்னலின் குறை பருத்தி ஆடையில் விரைவில் வெளிப்படும்.

சில வேளைகளில் வழக்கமான பொருத்தம் வேண்டுமென்றே மாற்றப்படுகிறது. பூவேலைப்பாடுள்ள சால்வைகள் மெல்லிய நூலையும் பெரிய ஊசியையும் கொண்டு பின்னப்படுகின்றன. தேய்மானத்தைத் தாங்க வேண்டிய காலுறைகளுக்குச் சிறிய ஊசி பயன்படுத்தப்படுகிறது. சட்டையின் கீழ் ஓரமும் மணிக்கட்டுப் பட்டையும் உடற்பகுதிக்குப் பயன்படுத்திய ஊசியைவிட மெல்லிய ஊசியில் பின்னப்படுவது வழக்கம். இதனால் அப்பகுதிகள் இறுக்கமாக அமைகின்றன.

நூல் தடிமனைக் குறிக்கும் முறைகள்

கைப்பின்னல் நூல்கள் கடைகளில் 3 பிளை, 4 பிளை, 8 பிளை என்று விற்கப்படுகின்றன. பிளை என்பது ஒன்றாக முறுக்கப்பட்ட இழைகளின் எண்ணிக்கையைக் குறிக்கத் தோன்றிய சொல். இன்று அது பெரும்பாலும் தடிமனின் பெயராகவே வழங்குகிறது. 8 பிளை நூலில் எட்டு இழைகள் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

பருத்தி நூலின் தடிமன் 'கவுண்ட்' அல்லது 'நம்பர்' எனப்படும் எண்ணால் குறிக்கப்படுகிறது. 840 கெசம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அதுவே ஆங்கில முறைப்படி அந்நூலின் எண்ணாகும். 30ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 25,200 கெசம் நீளம் வரும். எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும். டெக்ஸ் முறை இதற்கு நேர்மாறானது. அதில் 1,000 மீட்டர் நூலின் எடை கிராமில் கூறப்படுவதால் எண் கூடினால் நூல் தடிக்கும். 30ஆம் நம்பர் நூல் ஏறத்தாழ 19.7 டெக்ஸ் ஆகும்.

குறிப்புச் சீட்டு இல்லாத நூலை ஓர் அளவுகோலின் மீது நெருக்கமாக, ஆனால் இழுக்காமல் சுற்றி, ஓர் அங்குலத்தில் அமையும் சுற்றுகளை எண்ணிப் பார்க்கலாம். சுற்றுகள் மிகுந்தால் நூல் மெல்லியது; குறைந்தால் தடித்தது.

ஊசி எண்கள்

பின்னல் ஊசியின் அளவு அதன் விட்டத்தைக் குறிக்கும். மில்லிமீட்டர் முறை, பழைய பிரித்தானிய முறை, அமெரிக்க முறை என மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. பிரித்தானிய முறையில் எண் கூடினால் ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் கூடினால் ஊசி தடிக்கும். இந்தியாவில் பிரித்தானிய எண்கள் பரவலாக வழங்கி வந்துள்ளன.

* பிரித்தானிய 10ஆம் எண் ஊசி 3.25 மி.மீ.; அமெரிக்க 10ஆம் எண் ஊசி 6 மி.மீ.
* பிரித்தானிய 8ஆம் எண் ஊசி 4 மி.மீ.; அமெரிக்க 8ஆம் எண் ஊசி 5 மி.மீ.

எனவே வெளிநாட்டு நூலில் உள்ள செய்முறையைப் பின்பற்றுவோர் எண்ணை மட்டும் பார்த்து ஊசி வாங்கினால் ஆடையின் அளவு முற்றிலும் மாறிவிடும். மில்லிமீட்டர் அளவைப் பார்ப்பதே பாதுகாப்பானது.

தமிழ்நாட்டில் பின்னல் ஊசித் தயாரிப்புக்குப் பெயர் பெற்ற இடம் நீலகிரி மாவட்டத்திலுள்ள கேத்தி ஆகும். நீடில் இண்டஸ்ட்ரீஸ் (இந்தியா) நிறுவனம் 1949 இல் ஓர் இங்கிலாந்து நிறுவனத்தின் துணை நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. கேத்தியிலுள்ள ஆலையின் ஊசிகள் 'போனி' என்னும் வணிகப் பெயரால் அறியப்படுகின்றன.

பொருந்தும் அளவுகள்

கீழுள்ளவை பொதுவான வழிகாட்டுதல்கள். ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் என மாறி மாறிப் பின்னும் சாதாரணப் பின்னலில் 4 அங்குல (சுமார் 10 செ.மீ.) அகலத்துக்கு வரும் கண்ணிகள் தரப்பட்டுள்ளன.

* மிக மெல்லியது (4 பிளை): ஊசி 2.25–3.25 மி.மீ.; 27–32 கண்ணிகள்
* மெல்லியது: ஊசி 3.25–3.75 மி.மீ.; 23–26 கண்ணிகள்
* இலேசானது (8 பிளை): ஊசி 3.75–4.5 மி.மீ.; 21–24 கண்ணிகள்
* நடுத்தரம் (10 பிளை): ஊசி 4.5–5.5 மி.மீ.; 16–20 கண்ணிகள்
* தடித்தது (12 பிளை): ஊசி 5.5–8 மி.மீ.; 12–15 கண்ணிகள்
* மிகத் தடித்தது: ஊசி 8–12.75 மி.மீ.; 7–11 கண்ணிகள்

மாதிரித் துண்டு

ஒரே நூலையும் ஒரே ஊசியையும் இருவர் பயன்படுத்தினாலும் கண்ணிகளின் எண்ணிக்கை வேறுபடலாம். ஒருவர் கை இறுக்கமாகவும் மற்றவர் கை தளர்வாகவும் இருப்பதே காரணம். ஆதலால் ஆடையைத் தொடங்குமுன் சுமார் 15 செ.மீ. சதுரமான மாதிரித் துண்டு பின்னப்படுகிறது. அதைத் துவைத்து உலர்த்திய பின், ஓரங்களை விட்டு நடுப்பகுதியில் 10 செ.மீ. அகலத்தில் உள்ள கண்ணிகளை எண்ண வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு செய்முறை 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் எனக் கூறினால், 100 செ.மீ. சுற்றளவுள்ள சட்டைக்கு 220 கண்ணிகள் தேவை. பின்னுபவருக்கு 20 கண்ணிகள் மட்டும் வந்தால் அதே 220 கண்ணிகள் 110 செ.மீ. ஆகிவிடும். 24 வந்தால் ஏறத்தாழ 92 செ.மீ. மட்டுமே கிடைக்கும். கண்ணிகள் குறைவாக வந்தால் ஒரு படி மெல்லிய ஊசியையும், மிகுதியாக வந்தால் ஒரு படி தடித்த ஊசியையும் எடுத்து மாதிரியை மீண்டும் பின்ன வேண்டும்.

இயந்திரப் பின்னலில்

திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரங்களில் ஊசியின் நெருக்கம் 'கேஜ்' எனப்படும். இது இயந்திர உருளையின் ஓர் அங்குலத்தில் உள்ள ஊசிகளின் எண்ணிக்கை ஆகும். கையில் ஊசியை மாற்றுவது போல் இதை எளிதில் மாற்ற இயலாது. எனவே இயந்திரத்துக்கு ஏற்ற நூலே தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஒற்றைப் பின்னல் பருத்தித் துணிக்குக் கேஜின் வர்க்கத்தை 18 ஆல் வகுத்தால் பொருத்தமான நூல் எண் தோராயமாகக் கிடைக்கும். 20 கேஜுக்கு 22, 24 கேஜுக்கு 32 என இது அமைகிறது. மிகத் தடித்த நூல் ஊசிக் கொக்கியில் அடங்காமல் துணியில் ஓட்டைகளையும் ஊசி முறிவையும் உண்டாக்கும். மிக மெல்லிய நூல் உருக்குலையும் துணியைத் தரும்.

ஒரு கண்ணியில் அடங்கும் நூலின் நீளம் இங்கு முக்கியமானது. சாதாரணப் பின்னலில் கண்ணிகளின் நெருக்கத்தை இந்நீளமே பெரிதும் நிர்ணயிக்கிறது என்பதை 1959 இல் மண்டன் என்னும் ஆய்வாளர் விளக்கினார். இந்நீளத்தை மாற்றாமல் 30ஆம் நம்பருக்குப் பதில் 34ஆம் நம்பர் நூலைப் பயன்படுத்தினால் சதுர மீட்டருக்கான துணி எடை ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும். சாயமிட்டுத் துவைத்த பின் துணி சுருங்குவதால், இறுதி அளவைத் துவைத்த மாதிரியிலேயே கணிக்க முடியும். கைப்பின்னலின் மாதிரித் துண்டும் இதே காரணத்தால்தான் துவைத்த பின் அளக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* பின்னலாடை
* நூற்பு
* திருப்பூர்
* நீலகிரி மாவட்டம்