காதில் விழாத ஒலிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காந்த ஒலிநாடாப் பதிவுக் கருவி அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தபோது, பேச்சையும் பாட்டையும் சேமித்து வைத்துக்கொள்ளும் பெட்டி என்பதற்கு மேல் அதற்கு ஒரு பயன் உண்டு எனப் பெரும்பாலோர் கருதவில்லை. நாடாவை வெட்டலாம், ஒட்டலாம், தலைகீழாகவும் வேகம் மாற்றியும் ஓட்டலாம் என்பதால் பதிவே ஓர் இசைக்கருவியாகும் என்று கண்டுகொண்டவர்கள் சிலரே; அவர்களிலும் பாரிசிலும் கொலோனிலும் பணிபுரிந்தவர்களுக்கு வானொலி நிறுவனங்களின் கூடங்களும் பொறியாளர்களும் துணையிருக்க, அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தவர்கள் கைக்குக் கிடைத்த கருவிகளைத் தாங்களே கூட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சான் பிரான்சிஸ்கோ வட்டத்தில் ஒருவரான பாலின் ஆலிவரோஸ் (1932–2016) எந்தக் கருவியையும் புதிதாகப் படைத்ததற்காக நினைக்கப்படுபவர் அல்லர். மின்னணு இசையின் வரலாறு வழக்கமாகக் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. இவருடைய பகுதியை மட்டுமேனும் கேட்கும் பழக்கத்தின் வரலாறாக எழுதுவதே பொருந்தும்.

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், தாயும் பாட்டியும் பியானோ கற்பித்துவந்த வீட்டில் பிறந்த ஆலிவரோஸ், தம் இளமையை நினைவுகூரும்போதெல்லாம் பியானோவைவிடச் சதுப்பு நிலத்துத் தவளைகளையும் சில்வண்டுகளையும், வானொலிப் பெட்டியில் ஒரு நிலையத்துக்கும் மறு நிலையத்துக்கும் இடையே எழும் இரைச்சலையும், தந்தையார் சிற்றலை வானொலியைத் திருப்பும்போது கேட்கும் சீழ்க்கையொலிகளையுமே முதன்மையாகக் குறிப்பிட்டார். நிலையம் சரியாகக் கிடைத்தவுடன் மற்றவர்கள் மறந்துவிடும் ஒலிகள் இவை. தாயார் வீட்டுக்குக் கொண்டுவந்த அக்கார்டியனே அவருடைய முதன்மை இசைக்கருவியாயிற்று. துருத்தியின் காற்று உலோக நாக்குகளை அதிரச்செய்வதால் ஒலிக்கும் இக்கருவி, நம் கச்சேரி மேடைகளில் சுருதிப்பெட்டி என வழங்குவதற்கு நெருங்கிய உறவுடையது. துருத்தி அசையும் வரை சுரத்தை நீட்டிக்கொண்டே இருக்கலாம் என்னும் இயல்பு பின்னாளில் அவர் இசையின் போக்கையே தீர்மானித்தது என்று கூறினால் மிகையாகாது.

1952இல் கலிபோர்னியா சென்ற அவருக்கு, அடுத்த ஆண்டு இருபத்தொன்றாம் பிறந்தநாளையொட்டித் தாயார் ஓர் ஒலிநாடாக் கருவியை அனுப்பினார். ஒலிவாங்கியைச் சாளர விளிம்பில் வைத்து நாடா தீரும்வரை பதிவுசெய்துவிட்டுத் திருப்பிப் போட்டுக் கேட்டபோது, பதிவின் நேரத்தில் தாமும் அதே சாளரத்தருகே இருந்தும் தம் காதில் விழாத ஒலிகள் பல நாடாவில் இருப்பதை உணர்ந்ததாக அவர் கூறியுள்ளார். இயந்திரத்துக்கு விருப்பு வெறுப்பு இல்லை, ஆகவே அது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. மனமோ தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது. எல்லாவற்றையும் எப்போதும் கேட்பது, கேட்கத் தவறும்போது அதைத் தமக்கே நினைவூட்டிக்கொள்வது என்று அன்று அவர் பூண்ட நோன்பு, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. காதில் விழுவது வேறு, உற்றுக் கேட்பது வேறு எனத் தமிழ் வழக்கு இயல்பாகவே பிரித்துச் சொல்லும் வேறுபாட்டைத்தான் அவர் பிற்காலத்தில் தம் கோட்பாட்டின் அடிப்படையாக வைத்தார்.

ஒலிக்கூடம் இல்லாத குறையை அவர் வீட்டுப் பொருள்களைக் கொண்டு நிரப்பிக்கொண்ட விதம் தனித்துச் சொல்லத்தக்கது. 1961இல் அவர் ஆக்கிய முதல் நாடா இசையில், குளியல் தொட்டி எதிரொலிக் கூடமாகப் பயன்பட்டது. அட்டைக் குழாய்களுக்குள் ஒலிவாங்கியைப் பொருத்தியபோது சில அதிர்வெண்கள் மட்டும் ஓங்கி மற்றவை அடங்கியதால் அக்குழாய்களே ஒலிவடிகட்டிகளாயின. சிறு பொருள்களின் மெல்லொலியைப் பெருக்குவதற்கு மரச்சுவர் உதவியது. நாடாச் சுருளைக் கையால் சுற்றி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சுரத்தின் உயரம் மாற்றப்பட்டது. ரமோன் செண்டரும் மார்ட்டன் சபாட்னிக்கும் 1962இல் நிறுவிய சான் பிரான்சிஸ்கோ ஒலிநாடா இசை மையத்தில் அந்தச் சான் பிரான்சிஸ்கோ வட்டத்தினர் ஒன்றுகூடினர். டிவிசடெரோ தெருவில் நடன அமைப்பு ஒன்றுடனும் வானொலி நிலையம் ஒன்றுடனும் கட்டடத்தைப் பகிர்ந்துகொண்ட இந்த மையத்தில்தான் 1964 நவம்பரில் இசையமைப்பாளர் டெர்ரி ரைலியின் ‘இன் சி’ முதன்முதலாக இசைக்கப்பட்டது. இசைத்தோரில் அக்கார்டியனுடன் ஆலிவரோசும் இருந்தார்.

அவர் தமக்கெனக் கைக்கொண்ட உத்தி, நாடாவழித் தாமதம் எனப்படுவது. ஒரு கருவியின் வழங்கு சுருளிலிருந்து புறப்படும் நாடா, அக்கருவியின் பதிவுத் தலையைக் கடந்து, சற்றுத் தள்ளி வைக்கப்பட்ட இரண்டாம் கருவிக்குச் சென்று அங்குள்ள ஏற்புச் சுருளில் சுற்றிக்கொள்ளும். முதற்கருவி பதிந்ததை இரண்டாவது கருவி சிறிது நேரம் கழித்து ஒலிக்கும். நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடும் நாடாவில், இரு தலைகளுக்கும் இடையே ஐந்தடி தொலைவு இருப்பின் தாமதம் எட்டு நொடி. ஒலித்ததை மீண்டும் முதற்கருவிக்கே அனுப்பினால் சுரத்தின் மேல் சுரம் படிந்து அடர்ந்துகொண்டே போகும், இசைப்பவரோ எட்டு நொடிக்கு முன் தாம் செய்ததைக் கேட்டுக்கொண்டே இப்போது செய்யவேண்டியதை முடிவுசெய்தாக வேண்டும். வெட்டி ஒட்டும் வேலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இசைக்கும் கணத்திலேயே கேட்டுக் கேட்டு ஆக்கும் முறை இவ்வாறு அவருக்கு அமைந்தது. 1965இன் ‘பை பை பட்டர்ஃப்ளை’, இரண்டு அலையியற்றிகளையும் இந்தத் தாமத அமைப்பையும், கூடத்தில் தற்செயலாகக் கிடந்த புச்சீனியின் ‘மடாம் பட்டர்ஃப்ளை’ இசைத்தட்டையும் கொண்டு ஒரே அமர்வில் ஆக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இசைக்கும், பெண்ணை ஒடுக்கிய அக்கால ஒழுக்கத்துக்கும் சொல்லும் பிரியாவிடை என்று பிற்பாடு அவரே அதற்குப் பொருள் விரித்தார்.

1966 கோடையில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மின்னணு இசைக்கூடத்தில் அவர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. ஏறத்தாழ ஒரே அதிர்வெண்ணில் இரண்டு கம்பிகளை மீட்டும்போது ஒலி ஏறி இறங்கித் துடிப்பதைத் தம்பூரா சுருதி சேர்ப்பவர் எவரும் அறிவர். இயற்பியல் பாடநூல்கள் இதனை விம்மல் என்கின்றன. மனிதச் செவியின் மேல் எல்லையான 20,000 ஹெர்ட்சுக்கும் அப்பால், அதாவது எவருக்கும் கேட்காத உயரத்தில், ஆலிவரோஸ் தம் அலையியற்றிகளை நிறுத்தினார். அவற்றின் அலைகள் பெருக்கிச் சுற்றுகளுக்குள் ஒன்றோடொன்று கலந்தபோது, அவற்றின் வேறுபாடு மட்டும் கேட்கும் எல்லைக்குள் வந்து ஒலித்தது: எடுத்துக்காட்டாக, 40,000 ஹெர்ட்சும் 40,400 ஹெர்ட்சும் கலந்தால் 400 ஹெர்ட்ஸ் ஒலி பிறக்கும். பிற ஒலிப்பொறியாளர்கள் பிழையெனக் கருதிக் களைய முயன்ற இந்தக் கலப்பே இவருக்கு மூலப்பொருளாயிற்று. நிலையங்களுக்கு இடைப்பட்ட சீழ்க்கையை விரும்பிக் கேட்ட ஹூஸ்டன் சிறுமியின் சாயல் இதில் தெரியாமல் இல்லை. வெட்டு ஒட்டு ஏதுமின்றிப் பதிவான அந்த ‘ஒன் ஆஃப் ஃபோர்’ அடுத்த ஆண்டே இசைத்தட்டாக வெளிவந்தது.

அதே 1966இல், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியைத் தொடர்ந்து நாடா இசை மையம் ஓக்லண்டின் மில்ஸ் கல்லூரிக்கு இடம்பெயர, ஆலிவரோஸ் அங்கே அதன் முதல் இயக்குநரானார். 1967 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் அவர் ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகள் வியட்நாம் போரின் கொந்தளிப்பான ஆண்டுகள். வெளியுலகின் வன்முறையிலிருந்து சற்றே விலகி, நீண்ட ஒற்றைச் சுரங்களைப் பாடியும் வாசித்தும் அவை உடலிலும் மனத்திலும் செய்யும் மாற்றங்களைக் கவனிப்பதில் அவர் இக்காலத்தில் ஈடுபட்டார். பெண்கள் குழுவொன்றுடன் செய்த அப்பயிற்சிகளிலிருந்து உருவானவை 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த ‘சோனிக் மெடிட்டேஷன்ஸ்’. இவற்றில் சுரக்குறிப்புகள் இல்லை. மூச்சைக் கவனித்திருந்து அது தானாகக் குரலாக மாற இடங்கொடுப்பது போன்ற செயல்முறைகள் சில வரிகளில் எழுதப்பட்டுள்ளன, அவற்றைச் செய்ய இசைப்பயிற்சியும் தேவையில்லை. இசையமைப்பாளர் என்னும் தொழிலின் எல்லையையே இது கலைத்துவிட்டது என்று குறை கூறியோர் உண்டு. ஆயினும் கேட்பதே முதற்செயல், ஒலிப்பது அதன் விளைவு என்ற அவர் கொள்கையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படைப்பு வேறில்லை.

1988 அக்டோபர் 8 அன்று, வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்சென்டில் உள்ள வோர்டன் கோட்டையில், தரைக்குப் பதினான்கடி கீழே கிடந்த பழைய நீர்த்தொட்டிக்குள் ஆலிவரோஸ் தம் அக்கார்டியனுடன் இறங்கினார். டிராம்போன் கலைஞர் ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டரும் பாடகர் பனயோட்டிஸும் உடன் சென்றனர். இருபது இலட்சம் காலன் நீர் கொள்ளும் அந்தக் கற்காரைத் தொட்டியில் எழுப்பும் ஓர் ஒலி அடங்குவதற்கு 45 நொடிகள் ஆகும். முன்பு இரண்டு நாடாக் கருவிகளை எதிரெதிரே நிறுத்திப் பெற்ற தாமதத்தை இங்குச் சுவரே தந்தது. ஊதியது எது, திரும்பி வந்தது எது என்று பிரித்தறிய இயலாத நிலையில், ஒருவர் புதுச் சுரம் ஒன்றைத் தொடங்குமுன் அறையில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் சுரங்களுக்கெல்லாம் காது கொடுத்தாக வேண்டியிருந்தது. மறு ஆண்டு வெளியான அந்த இசைத்தட்டுக்கு, நிலத்தடியில் ஆழத்தில் பதிவானது என்ற குறும்பும் தொனிக்க, ‘டீப் லிசனிங்’, அதாவது ஆழ்ந்து கேட்டல், என்று ஆலிவரோஸ் பெயரிட்டார். சொல்விளையாட்டாகப் பிறந்த அந்தப் பெயரே பின்னர் அவர் நடத்திய பயிலரங்குகளுக்கும், நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டன் நகரில் அவர் அமைத்த நிறுவனத்துக்கும் பெயராயிற்று.