மைசூரும் ‘ஜவாப்தாரி’ என்னும் சொல்லும்

மைசூரு நகரின் ராமசாமி வட்டம் இன்று பலருக்கு ஒரு போக்குவரத்துச் சந்திப்பு மட்டுமே. அது 1947 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு மாணவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்போது நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ ஒரு மாதமே ஆகியிருந்தது. அவரைப் பலிகொண்டது ஆங்கிலேய ஆட்சி அன்று. ‘மாதிரி சமஸ்தானம்’ எனப் புகழப்பட்ட மைசூர் அரசின் அடக்குமுறை.

அந்தப் புகழுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த திவான் ரங்காச்சார்லு 1881 அக்டோபர் 7ஆம் நாள் 144 உறுப்பினர்களைக் கொண்ட பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். இந்திய சமஸ்தானங்களில் அது ஒரு முன்னோடி முயற்சி. 1891இல் உறுப்பினர் தேர்தலும் வந்தது; வாக்குரிமை சொத்தும் தகுதியும் உடையோருக்கே உரியதாயிருந்தது. உறுப்பினர்கள் குறைகளை எடுத்துரைக்கலாம். திவானைக் கட்டுப்படுத்த இயலாது. சபைக்குச் சட்ட அடிப்படை கிடைத்ததே 1923இல்தான். அதுவரை 42 ஆண்டுகள் அது மன்னரின் அருளால் நடந்த சபை.

அருளாகக் கிடைத்த குரலுக்கு எல்லை எது என்பது 1908இல் வெளிப்பட்டது. திவான் வி. பி. மாதவ ராவ் காலத்துப் பத்திரிகைச் சட்டம் இதழ்களின் வாழ்வையும் சாவையும் அரசின் கையில் ஒப்படைத்தது. மக்கள் ‘தாதய்யா’ என்றழைத்த எம். வெங்கடகிருஷ்ணய்யா எதிர்ப்பின் அடையாளமாகத் தம் இதழ்களை நிறுத்தினார். 1938 ஏப்ரல் 25 அன்று விதுராசுவத்தத்தில், தடையை மீறிக் கொடியேற்றக் கூடிய மக்கள்மீது காவல்துறை சுட்டது. இறந்தோர் எண்ணிக்கையில் அரசுக் கணக்கும் மக்கள் கணக்கும் ஒத்துப்போகவில்லை.

1947 செப்டம்பரில் ‘மைசூர் சலோ’ போராட்டம் தொடங்கியபோது கோரிக்கை ஒன்றே: ‘ஜவாப்தாரி சர்க்கார்’. தமிழில் அதைப் பொறுப்பாட்சி என்கிறோம். கன்னடம் எடுத்தாண்ட சொல்லின் வேரில் இருப்பதோ ‘ஜவாப்’, அதாவது விடை. பழைய தமிழ் அலுவல் வழக்கும் இச்சொல்லை அறியும். மக்கள் கேட்டால் விடை சொல்லக் கடமைப்பட்ட அரசு என்பதே அதன் பொருள். 66 ஆண்டுகளாகக் கேட்க மட்டும் அனுமதிக்கப்பட்டவர்கள் இப்போது விடையை உரிமையாகக் கோரினர். அதற்கு முதலில் கிடைத்தவை கைதுகளும் துப்பாக்கிச்சூடும்.

அன்றைய திவான் ஆற்காடு ராமசாமி முதலியார் நீதிக்கட்சியின் ‘ஜஸ்டிஸ்’ நாளேட்டுக்கு ஆசிரியராக இருந்தவர், 1946இல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர். மனித உரிமை ஆணையம் அம்மன்றத்தின்கீழ் அதே ஆண்டில்தான் உருவானது. எழுத்துரிமையின் மதிப்பை அறியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆகவே இதைத் தனிமனிதர் ஒருவரின் குணக்கேடாகச் சுருக்குவது வரலாற்றுக்குப் போதாது. மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத, மக்களால் நீக்கவும் முடியாத பதவியில் அமர்ந்தவர், எவ்வளவு கற்றவராயினும், எதிர்க்குரலை ஒழுங்குப் பிரச்சினையாகவே காண நேர்கிறது.

1947 அக்டோபர் இறுதியில் கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை பதவியேற்றது. முதலியார் 1949 வரை திவானாகவே நீடித்தார். மைசூரின் சாலைகள், அணைகள், கல்விக்கூடங்களைச் சொல்லி அதன் ஆட்சியைப் பாராட்டும் நூல்கள் பல. நல்ல நிர்வாகம் வேறு, விடை சொல்லும் ஆட்சி வேறு என்னும் வேறுபாட்டையும் அந்நூல்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த வேறுபாட்டுக்குக் கொடுத்த விலையின் பெயர்தான் அந்தச் சந்திப்பில் நிற்கிறது.