நோய் வந்த பாதை

இன்று டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம். வகுப்பில் சொல்லத் தயங்கிய ஒரு பாடத்தை இன்று சொல்கிறேன்.

பால்வினை நோய்களுக்கு நம்மவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். சிபிலிஸ் நோய்க்குப் பழைய பெயர் 'பரங்கிப்புண்'. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தபின் கப்பல் கப்பலாக வந்த போர்த்துக்கீசியர்தான் பரங்கியர். பின்னாளில் ஊர்ப்பேச்சில் 'பொம்பளைச் சீக்கு' என்றார்கள். முதலில் அந்நியன்மேல் பழி, பிறகு பெண்மேல் பழி.

எச்.ஐ.வி.யிலும் அதுவே நடந்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். நாட்டின் முதல் தொற்றுகள் தெரியவந்தன. உடனே 'அவர்கள் நோய்' என்று முடிவு கட்டிவிட்டோம்.

ஆனால் நம் பகுதி வரைபடத்தைப் பாருங்கள். சேலம், நாமக்கல் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிறது தேசிய நெடுஞ்சாலை. மழை குறைந்த நாமக்கல் பூமியில் லாரியும், பாடி கட்டும் பட்டறையும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்த ஓட்டம், லோடுக்காகக் காத்திருப்பு, சாலையோரம் வறுமையில் நின்ற பெண்கள். வெட்கத்தில் மறைத்த சாதாரணப் பால்வினைப் புண்ணும் எச்.ஐ.வி.க்கு வழிவிட்டது. தமிழகத்தில் பாதிப்பு மிகுந்த மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்றானது. வாசல் தாண்டாத மனைவிக்கும், அவள் வயிற்றுப் பிள்ளைக்கும்கூட நோய் வந்தது.

'அது கீழ்நாட்டுச் சீக்கு' என்று மலையில் நாம் பேசினோம். ஏற்காட்டு பாக்சைட்டை மேட்டூருக்கு இறக்கியதும் லாரிதானே!

அந்த நாளில் என் வகுப்பில் ஒரு லாரி ஓட்டுநரின் பையன் படித்தான். அப்பா இறந்ததும் ஊர் பேசியது. பெற்றோர் சிலர் வந்து வற்புறுத்தியதால் அவனைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால் தொற்றாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். மறு வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை. உங்களில் சிலருக்கு அவன் முகம் நினைவிருக்கும்.

2004-இல் தாம்பரம் அரசு மருத்துவமனையில் கூட்டுமருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. இன்று தினமும் மாத்திரை சாப்பிட்டால் நீண்ட நாள் நலமாக வாழலாம். பாகுபாடு காட்டுவதை 2017 சட்டம் தடை செய்கிறது.

வெளியூர் ஓட்டத்தில் இருக்கும் பிள்ளைகளே, அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆசிரியராக இருப்பவர்களே, நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

அந்தப் பையன் இதைப் படித்தால், தம்பி, என்னை மன்னித்துவிடு.