பெருமிதமாக

ஆங்கிலத்தின் ‘ப்ரவுட்லி’க்கு நாம் சட்டென்று ‘பெருமையாக’ என்று எழுதிவிடுகிறோம். தவறில்லை. ஆனாலும் ‘பெருமிதமாக’ இன்னும் ஆழமானது.

பெருமிதம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று. கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். தறுகண் என்றால் அஞ்சாமை, இசைமை என்றால் புகழ். பிறப்பும் செல்வமும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்; எனக்கு இது மிகவும் பிடித்த இடம்.

கொடைக்குச் சான்று தஞ்சையிலேயே இருக்கிறது. பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்ததை மட்டுமல்ல, தமக்கை குந்தவையும் தேவியரும் மற்றவரும் கொடுத்ததையும் சேர்த்தே கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். பெருமிதமாகச் சொல்வது இப்படித்தான்.

வள்ளுவரோ ‘பெருமை’ அதிகாரத்தில் ‘பெருமிதம்’ என்ற இதே சொல்லைச் செருக்கு என்ற பொருளில் ஆள்கிறார். அது இல்லாதிருப்பதே பெருமை என்கிறார். இன்று அந்தப் பொருள் வழக்கில் இல்லை. அதற்கு ‘இறுமாப்பாக’, ‘செருக்குடன்’ என்ற சொற்கள் இருக்கின்றன. பேச்சு வழக்கில் ‘பீத்திக்கிறது’.

தான் காப்பாற்றிய மாப்பிள்ளைச் சம்பா விதையை ஓர் உழவர் எடுத்துக் காட்டினால், ‘பெருமிதமாகக் காட்டினார்’ என்றே எழுதுங்கள்.