செருப்பும் கதவும்

சிறுவயதில் வில்லியனூர்ப் பக்கத்துக் கூத்துக் குழு ஒன்றில் வேஷம் கட்ட ஆசைப்பட்டுப் போனேன். வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை. "இருப்பா, அடுத்த திருவிழாவுக்குப் பார்க்கலாம்" என்றார்கள். மூன்று திருவிழா பெட்ரோமாக்ஸ் சுமந்ததோடு என் கலைவாழ்வு முடிந்தது.

பழையவர்கள் கதவை அடைப்பதில்லை, நிபந்தனைதான் வைப்பார்கள். பிரெஞ்சுப் புதுவையில் இந்த வித்தை நன்றாகவே நடந்திருக்கிறது. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியரைப் போலப் பூட்ஸ் அணிந்து நீதிமன்றத்துக்குப் போனார். வாதாட வந்தவரின் சட்ட அறிவை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார்கள்! மனுஷர் பாரிஸ் வரை வழக்காடி வென்றார்.

1880இல் வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்களாயின. தேர்தல் நம் கிராமத்துக்கே வந்தது. மறு ஆண்டு ஓர் ஆணை: சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறப்பவர் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். பொன்னுத்தம்பி துறந்து, 'லாப்போர்த்' என்று பெயர் சூட்டிக்கொண்டார். பிரெஞ்சில் கதவு என்று பொருள். பாவம், நம்பிக்கைக்காரர்!

துறந்தவர்கள் ஐரோப்பியர் பட்டியலுக்குள் நுழைந்ததும், 1884இல் வாக்காளர் பட்டியலே மூன்றாகிவிட்டது: ஐரோப்பியர், துறந்தவர், ஏனையோர். வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்வானேன்? மூன்றாம் பட்டியலைக் கையில் வைத்திருந்த சண்முக வேலாயுத முதலியாருக்கும் துறந்தவர்கள் ஆகவில்லை. 1899இல் பட்டியல் இரண்டாகச் சுருங்கியது. ஆனால் முதலாவதில் ஏறத் துறந்து 15 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், பட்டமோ பதவியோ வேறு வேண்டும். அடுத்த திருவிழாதான், பிரெஞ்சில்!

பட்டியல் ஒன்றாக இரண்டாம் உலகப்போர் முடிய வேண்டியிருந்தது. அதைப் பார்க்க லாப்போர்த் இல்லை.